ஏரோட்டம்: பன்னிரண்டாவது பாயை எந்த முனையிலிருந்து எண்ணுவது?

பாரிவாக்கம் தாண்டிப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை தனியாகப் போய், அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். இப்போது சனி முடிந்து ஞாயிறு பிறந்துவிட்டது. அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக ஓர் இடத்துக்குப் போய்வந்து ஒரு வாரமாவது ஆறப்போட்டுத்தான் எழுதுவேன். இந்த முறை விடிவதற்குள் முடித்தாக வேண்டும். என் அண்ணன் காலை ஆறு மணிக்கு அந்த ஓடுதளத்தில் பைக் பந்தயம் ஓட்டப் போகிறான். அங்கே பாதைக்குக் குறுக்கே புதிதாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியாது. போதாததற்கு, அப்படி ஒரு பள்ளமே இல்லை என்று அடித்துச் சொல்கிறான்.

போன் செய்து சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டில் இருக்கிறான். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஐந்து மணிக்கு வெளியே வந்துதான் கையில் கிடைக்கும். அப்போது "பள்ளம் இருக்கிறது, போகாதே" என்று ஒரு வரி அனுப்பினால் சிரிப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கெஞ்சிப் பார்த்தேன். "நீ பல்லியப் பாத்தா பக்கத்துத் தெருவுக்கு ஓடுறவ, போடி" என்றான். ஆனால் இந்தப் பதிவை மட்டும் படிப்பான். இந்த வலைப்பூவை எனக்கு ஆரம்பித்துக் கொடுத்தவனே அவன்தான். எது போட்டாலும் முதலில் படித்து, எங்கே எந்த ரோட்டைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று கண்டுபிடித்துச் சொல்வான். அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன். போய்ப் பார்க்காதவள் இப்படி எழுத முடியாது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். வேறு யாராவது அங்கே போவதாக இருந்தாலும் இது உதவும்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து எட்டு மணிக்குப் பள்ளி உடையிலேயே கிளம்பினேன். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடை, இருபத்தைந்து நிமிடம். ஆவடிக்கு மின்சார ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். மூன்றாவது நிறுத்தம். ஆவடியில் இறங்கியதும் முதலில் அக்கம்பக்கம் பார்த்தேன். அப்பா வேலை பார்க்கும் பாதுகாப்புத் துறை தொழிற்சாலை அங்கேதான். சனிக்கிழமை ஓவர்டைமுக்கு அவரும் போயிருந்தார். அவரோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ரிப்பனும் பையுமாக நடைமேடையில் நின்றால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். காய்கறிக் கூடைகளோடு இறங்கிய பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, அவர்களோடு ஒருத்தியாகப் படியேறி வெளியே வந்தேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாதாரண பேருந்தில் பெண்களுக்கு இலவசம். பாரிவாக்கம் பிரியும் இடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். 'ஏர்போர்ட்' என்று கேட்காதீர்கள், மீனம்பாக்கத்துக்கு வழி சொல்வார்கள். 'ஏரோட்டம்' என்று கேளுங்கள். ஏர் ஓட்டிய நிலம் என்பதால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் விமானத் தளத்தை 'ஏரோட்ரோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் வாயில் விழுந்து அது ஏரோட்டம் ஆகிவிட்டது.

ஷேர் ஆட்டோவில் கடைசியாக நான் மட்டும்தான் இருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ஏரோட்டத்தாண்ட உனுக்கு இன்னா வேல?"

"சித்தி வீடு இருக்கு அங்கிள்."

"அங்க ஊடே கெடியாதே. ஆடுதான் கீது. உங்க சித்தி இன்னா, வெள்ளாடா செம்மறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் குரலை இறக்கினார்.

"சரி, வுடு. நான் இன்னாத்துக்குக் கேக்கணும். பதினொன்றக்கி இதே எடத்துக்கு வருவேன். நீ இங்கயே நிக்கணும். இல்லாங்காட்டி இந்தப் பள்ளிக்கூடத்து டிரஸ்ஸ வெச்சே உன் ஸ்கூல கண்டுபுட்ச்சி வந்துருவேன், ஆமா."

இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பிக் கத்தினார். "ஞாயித்துக்கெயம காலைல மட்டும் இந்தப் பக்கம் வந்துறாத. பசங்க வண்டிய உருட்டிகினு கெடப்பானுங்க. உசுரு மேல ஆச இல்லாத கும்பலு."

அந்தக் கும்பலில் ஒருவனுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஓடுதளத்துக்குப் பலகை எதுவும் இல்லை. கருவேலங்காட்டுக்கு நடுவில் திடீரென்று ஒரு வெளி திறக்கிறது. நான்கு லாரிகள் பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவு அகலம். சாம்பல் நிறக் கான்கிரீட் நேராக ஏரி வரைக்கும் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் குண்டு போடுவார்கள் என்று பயந்து சென்னையைச் சுற்றி அவசர அவசரமாக இப்படிப் பல தளங்களைப் போட்டார்கள். போர் முடிந்ததும் தேவை இல்லாமல் போய்விட்டது. விமானங்கள் போய்விட்டன, தரையை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. இடது பக்கம் லாடம் போல வளைந்த மண்மேடுகள் மூன்று இருக்கின்றன. பக்கத்தில் குண்டு விழுந்தாலும் சிதறல் படாமல் இருக்க விமானங்களை அதற்குள் நிறுத்தி வைப்பார்களாம். இப்போது ஒன்றில் வைக்கோல் போர், ஒன்றில் ஆட்டுப்பட்டி. மூன்றாவதில் யாரோ பழைய சோபா ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

சாலை முனையில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் கூம்பு வைத்து எட்டு போடப் பழக்குகிறார்கள். ஒரு பெண் ஸ்கூட்டரில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே எட்டைப் பதினாறாக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் முதல் ஐந்து பாயைத் தாண்டிப் போவதில்லை.

'பாய்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவே அதில்தான் இருக்கிறது. ஓடுதளம் ஒரே துண்டு இல்லை. கட்டம் கட்டமாகக் கான்கிரீட் போட்டு, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் தார் ஊற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் என் நடைக்கு முப்பது காலடி நீளம். ஊர்க்காரர்கள் இதில் நெல் காயவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கட்டம். விரித்த பாய் போல இருப்பதால் அதற்குப் பாய் என்றே பெயர். மொத்தம் நாற்பது பாய். முன்பு இன்னும் நீளமாக இருந்ததாம், சாலைப் பக்கத்தில் மனைப்பிரிவு போட்டு உடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை இரவு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மாமே, பன்னண்டாவது பாயில பள்ளம் தோண்டப் போறாங்கன்னு அந்தம்மா கத்துச்சே, காலைல ஷிப்டு முட்ச்சிட்டு நேரா போயி பாத்துட்டேன். மொழுமொழுன்னு கீது. ஒரு கீறல் கூட இல்ல. நம்மள அங்க வராம பண்றதுக்கு சும்மா உட்ட டூப்பு அது. ஞாயித்துக்கெயம கன்பார்ம். நான் ஜம்ப்ல ரெண்டு வீலும் தூக்குறேன், நீ வீடியோ எடு."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போன வருடம் பந்தயத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்து கிடந்தபோது இரவில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான்தான். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ ரேஸுன்னு என் காதுல விழுந்துச்சு, இந்த வாசப்படி ஏறாத." அப்பா ஒன்று சொன்னால் மாற்ற மாட்டார். அதனால் அவரிடம் போகாமல் நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாலை முனையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். பன்னிரண்டாவது பாயில் நின்றேன். அண்ணன் சொன்னது உண்மை. ஒரு கீறல் இல்லை. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். வெயிலில் சூடாக, வழவழப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து பையிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன். பாரம் இறங்கிவிட்டது. அங்கேயே திரும்பியிருந்தால் இந்தப் பதிவில் சோபாவில் தூங்கிய நாயைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருப்பேன்.

ஆட்டோ வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஏரியையும் பார்த்துவிடலாம் என்று நடந்தேன். எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை, வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டாவது பாயில் தரை முதுகு போல மேலே எழும்பியிருக்கிறது. மர வேர் தூக்கியிருக்கலாம். அண்ணன் 'ஜம்ப்' என்று சொல்வது இதைத்தான். அதன் மேல் ஏறினேன். அடுத்த எட்டு வைக்கக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கீழே தரை இல்லை. இருபத்தொன்பதாவது பாயை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெட்டியிருந்தார்கள். புது மனைகளுக்கு மழைநீர்க் குழாய் பதிக்கும் வேலை. ஆழம் என் இடுப்புக்கு மேல். ஒரு பைக்கைக் குறுக்காகப் படுக்கவைக்கும் அளவு அகலம். தோண்டிய மண்ணை மனைக்கு நிரப்ப எடுத்துப் போய்விட்டார்கள், அதனால் குவியல்கூட இல்லை. உடைத்த ஓரம் பல்பல்லாக நிற்கிறது. கான்கிரீட் எவ்வளவு தடிமன் என்று அங்கேதான் பார்த்தேன். குண்டு ஏற்றிய விமானத்தையே தாங்குவதற்குப் போட்டது. அதன் மேல் வந்து மோதினால் எது உடையும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி இருபத்தேழாவது பாய்க்குப் போய் அங்கிருந்து பார்த்தேன். நின்றபடி பார்த்தேன், பைக்கில் குனிந்து வருவது போலக் குனிந்தும் பார்த்தேன். பள்ளம் தெரியவே இல்லை. மேட்டின் முதுகும் அதற்கு அப்பால் ஏரியும்தான் தெரிகின்றன. மேட்டின் உச்சிக்கு வந்தால்தான் பள்ளம் கண்ணில் படும். அதுவும் பகல் பத்து மணிக்கு. மார்கழிக் காலை ஆறு மணிக்குப் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது புதுப் பள்ளமா, அந்த அம்மா சொன்ன பள்ளமா? பன்னிரண்டில் ஒன்றும் இல்லையே. குழப்பத்தோடு, நடக்கக் குறுக்கே பலகை போட்டிருந்த ஓரமாகப் பள்ளத்தைத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஓர் அக்கா வறட்டி தட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பெயர் தேவகி. ஏரிக்கரை ஊர்க்காரர். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே கத்தினார்.

"ஏ பொண்ணு, மிதிக்காத! இது எங்க பாயி. ஏயாவது பாயி எங்களுது."

"ஏழாவதா? இது முப்பத்துநாலாவது ஆச்சே அக்கா. நான் எண்ணிட்டே வந்தேன்."

"முப்பத்துநாலா? எங்கேர்ந்து எண்ணிகினு வந்த?"

"ரோட்டுப் பக்கத்துல இருந்து."

அவர் சாணிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ரோட்டாண்டருந்து எவனாச்சும் எண்ணுவானா? ஊரு இங்க கீது, ஏரி இங்க கீது. மொதல் பாயி எங்க ஊரு வாசல்லதான். அந்தாண்ட ரோடே நேத்து வந்தது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏரி முனையிலிருந்து பன்னிரண்டு என்றால் சாலை முனையிலிருந்து இருபத்தொன்பது.

"அக்கா, வண்டி ஓட்டுற பசங்ககிட்ட பள்ளத்தப் பத்தி நீங்களா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். போன ஞாயித்துக்கெயம. பன்னண்டாவது பாயில தோண்டப் போறாங்க, வராதீங்கடா சோமாறிங்களான்னு. மூணு மாசமா எங்க வறட்டிய மிதிச்சித் தொவைக்கிறானுங்க, இருந்தாலும் மனசு கேக்கல. அதுல ஒருத்தன், செவப்பு ஹெல்மெட்டு, இன்னா சொன்னான் தெரியுமா? 'டாங்க்ஸ் ஆயா'ன்றான். ஆயாவாம்! என்னப் பாத்தா ஆயா மாரியா கீது? சொல்லு நீயே."

"இல்லக்கா."

"உயுந்தான்னா தெரியும் அவனுக்கு, ஆயா யாரு, நர்சம்மா யாருன்னு."

"அக்கா, அவன் என் அண்ணன்."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னோடு பள்ளம் வரைக்கும் வந்தார். மேட்டில் ஏறி, சாலைப் பக்கம் பார்த்து, திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, அங்கருந்து எண்ணிட்டானுங்களா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேருமாகக் கருவேலங் கிளைகளை ஒடித்து இழுத்து வந்து மேட்டுக்கு முன்னால் போட்டோம். என் வலது கையில் இன்னும் முள் கீறல் இருக்கிறது. கிளை இருட்டில் தெரியாதே என்று பயந்து, ஒரு பக்க ரிப்பனை அவிழ்த்து உயரமான கிளையில் கட்டினேன். தேவகி அக்கா அதையும் நம்பவில்லை. "இத்த காத்து இட்டுகினு பூடும். இல்லனா வேலிக்கி ஆவும்னு எவனாச்சும் தூக்கினு பூடுவான். நான் நின்னு பாக்கலாம்னா காலைல மாட்டாண்ட போவணும். நீ உங்கண்ணங்கிட்ட வாயத் தொறந்து சொல்லு, அதான் நிக்கும்" என்றார்.

ஆட்டோக்காரர் சொன்ன நேரத்துக்கு அங்கே நின்றிருந்தார். "சித்தி சௌக்கியமா?" என்று கேட்டவர், என் கையைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். திரும்பும்போது காசும் வாங்கவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்குள் அண்ணன் தூங்கி எழுந்து நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்தே ஷிப்டுக்குப் போயிருக்கிறான். அம்மாவின் போனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ராத்திரி, ரிப்பன் எங்கே என்று அம்மா கேட்டபோது, விளையாடும்போது விழுந்துவிட்டது என்றேன். அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கடை இல்லை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். மண்மேடுகளைப் படம் எடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. மனைப்பிரிவு வேலை போகும் வேகத்தைப் பார்த்தால் அடுத்த வருடம் அதில் ஒன்றாவது மிஞ்சுமா தெரியாது. காய்கிற வறட்டியை மிதிக்காதீர்கள். யாராவது ஒரு பாயின் எண்ணைச் சொன்னால், எந்த முனையிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்டுவிட்டு நடங்கள். அந்தத் தளத்தில் அன்றைக்கு விமானம் இறக்கியவர்களுக்கு யாராவது இரண்டு முனையையும் காட்டிச் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அதனால் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அக்காவும் உண்மை சொல்லியிருக்கிறார், அண்ணனும் உண்மை சொல்லியிருக்கிறான்.

அண்ணா, இனி உனக்கு மட்டும். நீ பார்த்த பன்னிரண்டாவது பாயை நானும் தொட்டுப் பார்த்தேன். அது சரிதான். பள்ளம் உன் கணக்கில் இருபத்தொன்பது. நீ இரண்டு சக்கரத்தையும் தூக்கும் மேட்டுக்கு அடுத்தது. சிவப்பு ஹெல்மெட், 'டாங்க்ஸ் ஆயா', இதெல்லாம் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசி. ஐந்து மணிக்கு வெளியே வந்ததும் இந்த இணைப்பு உன் போனில் இருக்கும். படித்தால் கீழே கமெண்டில் ஒரு புள்ளியாவது வை. ஐந்து இருபது வரைக்கும் பார்ப்பேன். வரவில்லை என்றால் அப்பாவை எழுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஸ்பெஷல் கிளாஸ் போகாததையும் சேர்த்து. நீ வாசப்படி ஏறக் கூடாது என்று அவர் சொன்னால், நானும் உன்னோடு வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எழுப்பினால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மேட்டுக்கு முன்னால் முள் கிளையில் என் ரிப்பன் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கு வேண்டும். அவிழ்த்துக்கொண்டு வா. வண்டியைச் சாலை முனையிலேயே நிறுத்திவிட்டு, நடந்து போய்.